ரெண்டு கிராம் ஈயம்

டீச்சர், அந்தத் தாள் கட்டை ஒரு நிமிஷம் மூடி வச்சுட்டு இதைக் கொஞ்சம் பார்க்கிறீங்களா? அவசரம் ஒன்னுமில்ல. உங்க அப்பாவுக்கு உள்ளே கட்டு மாத்தப் போறதா நர்ஸ் மிஸ்ஸி சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. அரை மணி நேரம் ஆகும். எனக்கு அவ்வளவு ஆச்சு. சிவப்புப் பேனாவும் கையுமா நீங்க உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்ததுமே டீச்சர்னு தெரிஞ்சு போச்சு. தமிழ்ப்பள்ளிதானே? நானும் தமிழ்ப்பள்ளிதான். ஆறாம் வகுப்போட சரி.

இந்த ஃபாரம் மலாய்ல இருக்கு. பேச்சு மலாய் எனக்கு நல்லா வரும். எழுத்து மலாய்தான் கொஞ்சம் முறைக்கும். இங்க 'ஈபு ஜாரி காக்கி'ன்னு போட்டிருக்கு பாருங்க, அது புரியுது. காலு பெருவிரல். மலாய்க்காரன் அதைத் தாய்விரல்னு சொல்றான். வலது. மத்ததெல்லாம் எதுக்கு இவ்வளவு நீளம்? ஒரு விரலை எடுக்கிறதுக்கு ரெண்டு பக்கம் எழுதியிருக்கான்.

ஆமா டீச்சர், எடுக்கணும்கிறாங்க. கையெழுத்துப் போட்டா இன்னிக்கே கட்டில் இருக்காம். போடலைன்னா வீட்டுக்குப் போகலாம், ஆனா அடுத்த தடவை விரலோட நிக்காது, பாதம்னு அந்த டாக்டர் பொண்ணு சொல்லுச்சு. காலைல ஒன்பது மணிக்குக் கையில குடுத்தாங்க. இப்ப பதினொன்னே கால்.

வலியா? அதுதானே இல்லை. அதைத்தான் நான் சொல்ல வர்றேன். வலிச்சா நானே எடுத்துத் தொலைங்கன்னு சொல்லிடுவேன். ஒரு தொந்தரவும் பண்ணாத விரலை எதுக்கு எடுக்கணும்?

எம் பேரு சன்னாசி. கையுறை ஃபேக்டரில ஜாகா வேலை, காவல்காரன். பதினாலு வருஷமா ராத்திரி ஏழுல இருந்து காலைல ஏழு. பகல்ல தூங்கணும்னு பேரு, தூக்கம் வராது. கூரையைப் பார்த்துப் படுத்திருந்தா எங்கேயாவது எழுந்து போயிடணும்னு தோணும். எங்கே போறது? லம்பக் குட்டைக்குத்தான். பத்து காஜா ஊர்ப் பக்கம் அந்தக் காலத்துல ஈயம் தோண்டின குழியெல்லாம் இப்ப குளமாக் கெடக்குல்ல, அங்க. மயில் மீன் பிடிக்க. வாலுல மயில் கண்ணு மாதிரி ஒரு வட்டம் இருக்கும். அமேசான்ல இருந்து வந்த மீனாம். நம்மள மாதிரிதான், எங்கேயோ இருந்து கொண்டாந்து விட்டது, இங்கேயே பெருகிருச்சு.

முன்னெல்லாம் அதைப் பிடிக்கிறதுக்கு வித்தையே வேணாம். பளபளன்னு ஒரு இரும்பு மீனைத் தூக்கிப் போட்டா ஓடி வந்து அடிக்கும். இப்ப ஊர்ல உள்ளவன் பூரா தூண்டில் வாங்கிட்டான். போட்டுப் போட்டு மீனுக்குப் பயம் புடிச்சுப் போச்சு. பெருசா எது விழுந்தாலும் திரும்பிப் படுத்துக்குது. அதுக்குத்தான் நான் சின்ன வேலை கத்துக்கிட்டேன். குருவெல்லாம் கிடையாது. ஜாகா கொட்டாயில உட்கார்ந்து கைத்தொலைபேசில ஒரு வெள்ளைக்காரக் கிழவனைப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான். சத்தம் வைக்க முடியாது, சூப்பர்வைசர் வந்துடுவான். வச்சாலும் எனக்கு அந்த இங்கிலீஸ் புரியாது. அவன் கையை மட்டும் பார்ப்பேன். ரெண்டு வருஷம் ஒரு மனுஷனோட கையை மட்டும் பார்த்தேன் டீச்சர். எம் பொஞ்சாதி லோகாம்பாள் கையை அவ்வளவு நேரம் பார்த்ததில்ல.

வேலை என்னன்னா, ரெண்டு கிராம் ஈயம். அவ்வளவுதான். சின்ன ஈயக் குண்டு, அதுல இருந்து ஒரு முள்ளு நீட்டிக்கிட்டு இருக்கும். ஜிக் ஹெட்னு கடையில கேட்டா குடுப்பான். அந்த முள்ளுல ஒரு ரப்பர் புழுவை நேரா, கோணாம ஏத்தணும். கோணினா தண்ணிக்குள்ள சுத்தும், மீனு கண்டுபிடிச்சுடும். ஆறு பவுண்டு கனம் தாங்குற தூண்டில் லைன், தலைமுடியை விடக் கொஞ்சம் மொத்தம். தூக்கிப் போட்டுட்டு, சும்மா இருக்கணும். இழுக்கக் கூடாது, ஆட்டக் கூடாது. அது தானா கீழே போகும். ஒன்னு, ரெண்டு, மூனு, நாலுன்னு எண்ணிக்கிட்டே லைனை ஆள்காட்டி விரல் மேல போட்டு வச்சிருக்கணும்.

மீனு கடிச்சா வெடுக்குன்னு இழுக்கும்னுதானே நினைக்கிறீங்க? எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. இழுக்காது. ஒரு தட்டு. இந்த நாற்காலிக் கையில நகத்தால இப்படித் தட்டினா எவ்வளவோ, அதுல பாதி. சில சமயம் அதுவும் இல்லை. ரெண்டு கிராம் இருந்த இடத்துல ரெண்டு கிராம் இல்லாம போகும். வாயில வாங்கிட்டு சும்மா நிக்கும். பிடிக்கலைன்னா துப்பிடும். துப்புறதுக்குள்ள நீங்க தூக்கிடணும். அந்த வெள்ளைக்காரன் கண்ணை மூடிக்குவான். எல்லாம் விரல்லதான் டீச்சர்.

எனக்கு அது வந்துச்சு. சும்மா சொல்லல. நாலு வருஷத்துக்கு முன்னால அந்தக் குட்டைக்கு வர்ற சீனனுங்க எல்லாம் என் பக்கத்துல வந்து நின்னு பார்ப்பானுங்க.

சூசையும் அப்படி வந்தவன்தான். டயர் கடை வச்சிருக்கான், இந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால, ரெண்டாவது சமிக்ஞை விளக்குகிட்ட. என்னைவிடப் பத்து வயசு சின்னவன். எல்லாத்தையும் நான்தான் காட்டினேன். முதல் நாள் ரப்பர் புழுவைப் பார்த்துட்டுச் சிரிக்கிறான். "அண்ணே, நம்ம பரம்பரையே ரப்பரை விட்டு வெளிய வராது போலயே. எங்க அப்பன் ரப்பர் மரம் வெட்டினாரு, நான் டயர் மாத்துறேன், நீங்க கையுறைக்குக் காவல் இருக்கீங்க. கடைசில புழுவும் ரப்பரா?" நல்லா பேசுவான். வாய் மட்டும் இல்லைன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்.

போன வருஷத்துல இருந்துதான் கோளாறு. அவனுக்கு மீன் வருது, எனக்கு வரலை. அதே குட்டை. அதே புழு. அதே லைன், ஒரே உருளையில இருந்து ரெண்டு பேரும் சுத்திக்கிட்டது. நாலடி தள்ளி நிக்கிறான். அவன் ஏழு பிடிப்பான், நான் நிப்பேன்.

நான் யோசிச்சேன். புழுவுல எதையோ தடவுறான்னு நினைச்சேன். அவன் போனப்புறம் பையைத் திறந்து மோந்துகூடப் பார்த்தேன். டயர் நாத்தம்தான் அடிச்சுச்சு. அப்புறம் லைன் மேல சந்தேகம், மாத்தினேன். தூண்டில் கோலு மாத்தினேன், இருநூத்தம்பது வெள்ளி செலவு. முடிச்சு சரியா இறுகலைன்னு பார்த்தா, நான் போடுற முடிச்செல்லாம் நழுவுது. இப்ப வர்ற லைனெல்லாம் ரொம்ப வழுக்கல் டீச்சர், பிடிமானமே இல்லை.

அப்பதான் அவன் ஒன்னு சொல்ல ஆரம்பிச்சான்.

"அண்ணே, கடிச்சுது."

"எங்கடா?"

"உங்களுதுலதான். லைன் குதிச்சுது, நான் பார்த்தேன்."

"கடிச்சா எனக்குத் தெரியாதா?"

"துப்பிட்டுப் போயிருச்சுண்ணே."

ஒரு நாள் சொன்னா விளையாட்டு. தினம் சொன்னான். நான் கண்ணை மூடி எண்ணிக்கிட்டு இருப்பேன், பக்கத்துல இருந்து, "அண்ணே, கடிச்சுது." எனக்கு எப்படி இருக்கும்? நான் கத்துக் குடுத்தவன் எனக்கே பாடம் எடுக்கிறான். "உன் லைனைப் பாருடா மொதல்ல"ன்னேன். கொஞ்ச நாள் பேசாம இருந்தான். ஆனா அவன் மூஞ்சி திரும்பும். நான் போட்டு எண்ண ஆரம்பிச்சா, அவன் தன் லைனைப் பார்க்காம என் லைனையே பார்ப்பான். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. வேலை முடிச்சு நேரா போயிருந்தேன், எட்டு மணி இருக்கும், வெயில் இன்னும் ஏறலை. நான் போட்டேன். ஒன்னு, ரெண்டு, மூனு. திடீர்னு என் கையில இருந்து கோலைப் பிடுங்கினான் டீச்சர்! பிடுங்கி ஒரே தூக்கு. கோலு வில்லா வளைஞ்சுது. "பிடிங்கண்ணே, பிடிங்க"ன்னு திரும்ப என் கையிலயே திணிச்சான். நான் சுத்தினேன். மூனு கிலோ இருநூறு. அந்தக் குட்டைல அந்த வருஷம் அதுதான் பெருசு.

படம் எடுத்தான். எங்க தூண்டில் குழு ஒன்னு இருக்கு, வாட்ஸ்ஆப்ல நூத்தி நாப்பது பேரு. அதுல போட்டான். என்ன எழுதினான் தெரியுமா? "சன்னாசி அண்ணன் பிடிச்சது. கிங்."

அவனவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுறான். சீனனெல்லாம் கைதட்டுறான். நான் பிடிக்கலையே டீச்சர்! மீனைப் பிடிச்சது அவன். பிச்சையா போடுறான் எனக்கு? சோறு போட்டா வாங்கிச் சாப்பிடலாம், மீன் போட்டா எப்படி வாங்குறது? அந்த மீனை நான் வீட்டுக்குக் கொண்டு போகல. கரையிலயே விட்டுட்டேன். அவன் எடுத்துத் தண்ணில விட்டான். அன்னிக்கோட பேச்சு நின்னுச்சு. குழுவுல இருந்தும் வெளிய வந்துட்டேன். ஏழு மாசம் ஆச்சு. நாலு தடவை போன் பண்ணான், நான் எடுக்கல. தீபாவளிக்கு முறுக்கு டின்னைக் கேட்டுல மாட்டிட்டுப் போயிருந்தான். கிறிஸ்துவன், எனக்குத் தீபாவளிக்கு முறுக்கு. லோகா சாப்பிட்டா. நான் தொடல.

விரலுக்கு வர்றேன், விரலுக்கு வர்றேன். அதைத்தானே நீங்க பார்க்கிறீங்க.

மூனு வாரத்துக்கு முன்னால. மத்தியானம் வீட்டுக் கூடத்துல உட்கார்ந்து முள்ளுல புழு ஏத்திக்கிட்டு இருந்தேன். இப்பெல்லாம் ஏத்துறதுக்கு நேரமாகுது, கண்ணு சரியில்ல. பத்து ஏத்தணும், எண்ணிப் பார்த்தா ஒன்பது. சரி, எங்கேயோ போச்சுன்னு விட்டுட்டேன். எழுந்து தண்ணி குடிக்கக் குசினிக்குப் போனேன், வந்தேன், துணி எடுக்கப் போனேன், வந்தேன். லோகா உள்ளே இருந்து கேட்கிறா: "என்னங்க அது, டக்கு டக்குன்னு சத்தம்? காலுல சலங்கை கட்டியிருக்கீங்களா?"

எனக்கும் கேட்டுச்சு. நான் மேல சுத்துற காத்தாடின்னு நினைச்சேன். நாற்காலி போட்டு ஏறி, காத்தாடித் திருகை முடுக்கினேன் டீச்சர். அப்புறம் காலுறை போட்டேன், பூட்ஸ் போட்டேன், வேலைக்குப் போனேன். ராத்திரி பூரா ரோந்து, பதினாறு இடத்துல போய் அட்டையைக் காட்டணும், மணிக்கு ஒரு சுத்து. காலைல காலுறை ஈரமா இருந்துச்சு. மழை பேஞ்சுதுல்ல, அதான்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து கழட்டிட்டு நடந்தா திரும்பவும் டக்கு, டக்கு.

லோகா வந்து என் காலைப் பார்த்தா. பார்த்துட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. பெருவிரலுக்கு அடியில முள்ளு முழுசா உள்ளே போயிருக்கு. ஈயக் குண்டு வெளிய தொங்குது. அதுதான் சிமெண்டுல டக்கு டக்குன்னு. பச்சைப் புழு பாதி அறுந்து, வாலு மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

நான் குறடு எடுத்து இழுத்தேன். முள்ளுல கொக்கி இருக்கும், சுலபமா வராது, கொஞ்சம் சதையோட வந்துச்சு. லோகா கண்ணை மூடிக்கிட்டா. எனக்கு ஒன்னுமில்ல. தைலம் போட்டேன். எஸ்டேட் கால் டீச்சர், எங்களுக்கெல்லாம் தோலு மொத்தம். அடுப்புல இருக்கிற குவாலிச் சட்டியையே நான் வெறுங்கையால இறக்குவேன். லோகா எத்தனையோ தடவை தட்டி விட்டிருக்கா, "சுடலையா உங்களுக்கு?"ன்னு. சுடலையே.

இனிப்பு நீர் இருக்கு, ஆமா, சர்க்கரை வியாதி. எட்டு வருஷமா. மாத்திரை போடுறேன். ஞாபகம் இருந்தா.

அடுத்த வாரம் லோகா கிள்ளானுக்குப் போயிட்டா, மகளுக்குப் பேறுகாலம். தினம் போன்ல கேட்கிறா, கால் எப்படி இருக்குன்னு. காலு காலாத்தான் இருக்குன்னு சொல்றேன். கறுத்ததைச் சொல்லல. வாடை வந்ததையும் சொல்லல. ஃபேக்டரில கூட வேலை செய்யற நேப்பாளத்துக்காரன்தான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணே, கொட்டாய்க்குள்ள எலி செத்துக் கெடக்கு"ன்னான். ரெண்டு பேரும் தேடினோம். அரை மணி நேரம் தேடினோம்.

காலைல அந்த டாக்டர் பொண்ணு என்ன பண்ணுச்சுன்னு சொல்றேன் கேளுங்க, சிரிப்பீங்க. சீனப் பொண்ணு, நம்ம மக வயசுதான் இருக்கும். பேனா மாதிரி ஒன்னைக் கொண்டு வந்துச்சு. அதோட முனையில ஒரு நைலான் நீட்டிக்கிட்டு இருக்கு. பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. "டாக்டர், இது தூண்டில் லைன்தானே?"ன்னேன். சிரிச்சுது. இருபது பவுண்டு இருக்கும் டீச்சர், முரட்டு லைன். "கண்ணை மூடிக்குங்க அங்கிள், நான் இதால காலைத் தொடுவேன். தெரிஞ்சா 'அடா'ன்னு சொல்லுங்க"ன்னுச்சு. மலாய்ல அடான்னா 'இருக்கு'. இருபது பவுண்டு லைனைக் கொண்டு வந்து யாருகிட்ட காட்டுது! நான் ஆறு பவுண்டுல நாலு வருஷம் நின்னவன்.

கண்ணை மூடினேன். எண்ணினேன். ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு. "அடா."

திரும்ப எண்ணினேன். ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு. "அடா."

"அங்கிள், நான் இன்னும் தொடவே இல்லை"ன்னு சொல்லுச்சு.

அப்புறம் பத்து இடத்துல தொட்டுச்சாம். நான் வாயே திறக்கலையாம். தூக்கம் டீச்சர். ராத்திரி பூரா முழிச்சுட்டு நேரா வந்தவனைக் கண்ணை மூடச் சொன்னா என்ன ஆகும்? அதை வச்சு முடிவு பண்றாங்க பாருங்க.

டீச்சர், ஒரு உதவி. நீங்க தப்பா நினைக்கலைன்னா. என் சட்டைப் பையில லைன் துண்டு எப்பவும் இருக்கும், பழக்கம். இது ஆறு பவுண்டு. இதை விரக்கடை அளவுக்கு நறுக்கித் தர்றேன். கால் வேணாம், கால் அசிங்கம். இந்தா, கை. ஆள்காட்டி விரல். லைன் போட்டு வைக்கிற விரல் இது. நுனியை வச்சு, லைன் வளையற வரைக்கும் அமுக்குங்க. நான் கண்ணை மூடிக்கிறேன். எண்ண மாட்டேன், சத்தியமா எண்ண மாட்டேன். விரல்ல தெரிஞ்சுட்டா நான் இந்த ஃபாரத்தை மடிச்சுப் பையில வச்சுட்டு மோட்டார் சைக்கிளை எடுக்கிறேன். விரலு சரியா இருந்தா சூசை சொன்னதும் பொய், இந்தப் பொண்ணு சொன்னதும் பொய். நியாயம்தானே?

மூடிட்டேன்.

ஆரம்பிக்கலாம் டீச்சர்.

...உங்க அப்பாவுக்கு எத்தனை வருஷமா இனிப்பு நீர்? சரி சரி, பேசல.

இப்ப. இப்ப தொட்டீங்க. அடா.

...சரியா? பயப்படாம அமுக்குங்க, எனக்கு வலிக்காது. இன்னும் ஆரம்பிக்கலையா? லைன் கீழ விழுந்துடுச்சா? என்கிட்ட இன்னொரு துண்டு இருக்கு.

கண்ணைத் திறக்கட்டுமா?

...

இது என்ன, ரத்தமா?

ஓ. பேனா மை.

லைன் போதலைன்னு பேனாவால அமுக்கினீங்களா. ம். நல்ல கூர்ப் பேனா. ஒன்னு, ரெண்டு, மூனு... இதுவும் புள்ளிதானே? நாலு, அஞ்சு. இது நல்லா குழி விழுந்திருக்கு. ஆறு, ஏழு. இங்க ஓரத்துல ஒன்னு. எட்டு.

எட்டு தடவை.

நான் ஒரு தடவைதானே சொன்னேன்.

அழாதீங்க டீச்சர். எனக்கு ஒன்னுமில்ல. நிசமாவே ஒன்னுமில்ல. அதான் பார்த்தீங்களே.

அந்தப் பேனாவையே குடுங்க. சிவப்பு மையில போட்டா செல்லுமா? செல்லாட்டி மிஸ்ஸி வேற குடுப்பா. எங்கே போடணும், இங்கேயா? இந்தக் கோடு. ...கொஞ்சம் கோணிடுச்சு. பரவால்ல. மார்க்கைக் குறைச்சுக்குங்க.

இன்னொரு கோடு இருக்கே கீழே. இது என்ன எழுத்து? ஸ... க்... ஸி. சக்சி. சாட்சிதானே? ஆமா, சாட்சிக்கு மலாய்லயும் சக்சிதான். அதுல யாராவது போடணும் போல.

நீங்க போடுறேங்கிறீங்களா? வேணாம் டீச்சர். கோவிச்சுக்காதீங்க. உங்களை எனக்கு அரை மணி நேரமாத்தான் தெரியும். சாட்சின்னா பார்த்தவன் போடணும். மாசக்கணக்கா பார்த்தவன் ஒருத்தன் இருக்கான். தன் லைனை விட்டுட்டு என் லைனையே பார்த்துக்கிட்டு நின்னவன்.

என் போன்ல நம்பர் அமுக்கினா தப்பு தப்பா விழுது, இப்ப கொஞ்ச நாளா. நீங்க அமுக்குங்க. சூசைன்னு இருக்கும், இல்லைன்னா டயர் சூசைன்னு இருக்கும். கடை பக்கத்துலதான், கூப்பிட்டா மோட்டார்ல அஞ்சு நிமிஷம். அடிக்குதா? எடுத்தா நீங்க பேசாதீங்க, என்கிட்ட குடுங்க.

எடுத்துட்டானா? குடுங்க.

சூசை. ஆமாடா, நான்தான். ...இருக்கேன். ...இல்லை, சண்டை போடக் கூப்பிடல. ஒன்னு கேட்கணும், விளையாடாம பதில் சொல்லு. நீ என் லைன் குதிச்சதைப் பார்த்தேன்னு சொல்லுவியே. சொன்னதை விடு. சொல்லாம விட்டதையும் சேர்த்துக் கேட்கிறேன்.

எத்தனை தடவைடா?